லேபிள் எழுதத் தெரியுமா?

முதல் வேலைக்கான நேர்காணலுக்கு மூன்று நாள் உட்கார்ந்து படித்துவிட்டுப் போனேன். மெண்டல், ஹார்டி-வைன்பெர்க் சமநிலை, மரபுப்பேறு கணக்கிடும் சூத்திரம் எல்லாம் மனப்பாடம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மூவரில் மூத்தவர் என் சான்றிதழ்களைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு துண்டு அட்டையையும் பென்சிலையும் என் பக்கம் தள்ளி, "லேபிள் எழுதத் தெரியுமா?" என்றார்.

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"ஒரு மரத்திலேர்ந்து இலை பறிச்சுட்டு வர்றீங்க. பைக்குள்ள போடற சீட்டுல என்ன எழுதுவீங்க? எழுதிக் காட்டுங்க."

மர எண்ணும் தேதியும் எழுதிக் கொடுத்தேன். அவர் அட்டையைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். எந்தத் திடல்? எத்தனையாவது வரிசை? யார் பறித்தது? கடைசியாக, "இது ஒண்ணா, ஏழா?" ஏழு என்றேன். "அப்போ நடுவில ஒரு கோடு போடுங்க. நாளைக்கு மழையில நனைஞ்சு வரும்போது நீங்க பக்கத்துல இருக்கமாட்டீங்க."

வேலை கிடைத்தது. சூத்திரங்களைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. அன்றிலிருந்து ஏழுக்கு நடுவில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன், வீட்டுக் கணக்கு எழுதும்போதுகூட.

வனமரபியலுக்கு எப்படி வந்தீர்கள், என்ன படிக்க வேண்டும், சாப்பாட்டுக்கு வழி உண்டா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஒரே தடவையாக எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம். சிறு வயதிலிருந்தே காடு என்றால் உயிர் என்று என்னால் சொல்ல முடியாது. எனக்குப் பிடித்தது கணக்கு. விண்ணப்பப் படிவத்தில் முதல் இரண்டு இடங்களில் எழுதியவை கிடைக்கவில்லை, மூன்றாவதாக எழுதியிருந்த வனவியல் கிடைத்தது. முதல் இரண்டு வருடம் தாவரப் பெயர்களை உருப்போட்டே கழிந்தது. எந்த இலையைக் காட்டினாலும் எனக்கு ஒரே இலையாகத்தான் தெரியும். அந்தப் பெயர்களில் மனதில் நின்றது ஒன்றுதான்: டெக்டோனா கிராண்டிஸ். நம் தேக்கு. தேக்கு என்ற சொல் மலையாளத்திலிருந்து போர்ச்சுகீசியர் வாயில் விழுந்து 'டெக்கா' ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்தில் 'டீக்' ஆனது. லத்தீன் பெயரிலும் அதன் சாயல் ஒட்டிக்கொண்டது. உலகம் முழுக்க நம் வாய்ச்சொல்லைத்தான் கொஞ்சம் கோணலாகச் சொல்கிறார்கள் என்று தெரிந்த அன்று ஏனோ ஒரு திருப்தி.

மூன்றாம் வருடத்தில் ஒரு வகுப்பு. ஆசிரியர் பலகையில் இரண்டு மரங்களை வரைந்தார், ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. "நெட்டை மரத்து விதையைப் போட்டால் நெட்டை மரம் வருமா?" வரும் என்றது பாதி வகுப்பு, வராது என்றது மீதி. அவர் ஒன்றும் சொல்லாமல் குட்டை மரத்துக்கு அடியில் ஒரு பாறையை வரைந்தார். அவ்வளவுதான். மரம் குட்டையாக நிற்பது பிறப்பாலா, பாறையாலா? எவ்வளவு பங்கு இது, எவ்வளவு பங்கு அது? இரண்டையும் பிரிக்க ஒரு கணக்கு இருக்கிறது என்று அவர் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இத்தனை நாள் இலை, பட்டை, காய் என்று போக்குக் காட்டிவிட்டு, கணக்கை இங்கே ஒளித்துவைத்திருக்கிறார்கள்.

அந்தக் கணக்குக்கு வயது அதிகம். 1820களிலேயே பிரான்சில் வில்மோரன் என்பவர் லே பார் என்ற இடத்தில் வெவ்வேறு ஊர்களிலிருந்து ஸ்காட்ஸ் பைன் விதைகளை வரவழைத்து, அடுத்தடுத்து விதைத்துப் பார்த்தார். ஒரே இனம், ஒரே மண், ஒரே மழை. அப்படியும் ஒரு ஊர் விதை நேராக வளர்ந்தது, இன்னொரு ஊர் விதை கோணலாகப் போனது. மண்ணை ஒன்றாக்கிவிட்டால் மிச்சமிருக்கும் வித்தியாசம் பிறப்புதான். இன்றும் எங்கள் சோதனைத் திடல்கள் எல்லாம் இந்த யோசனையின் மேல்தான் நிற்கின்றன. தேக்குக்கும் 1970களில் டென்மார்க்கிலிருந்து ஒருங்கிணைத்து, பல நாடுகளில் இப்படி நட்டார்கள். எந்த விதை எந்தக் காட்டிலிருந்து வந்தது என்ற சீட்டு தொலைந்துபோனால் அந்தத் திடல் வெறும் தோப்பு. விறகுக்கு ஆகும், அறிவியலுக்கு ஆகாது.

சரி, முதல் வேலைக்கு வருகிறேன். தேக்கு விதைத்தோட்டம் ஒன்றில் திட்ட உதவியாளர். விதைத்தோட்டம் என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். காட்டில் சுற்றி, நேராக, பருமனாக, நோயில்லாமல் நிற்கும் மரங்களைத் தேர்ந்தெடுப்பார்கள். பிளஸ் மரம் என்று பெயர். அவற்றின் மொட்டுகளை எடுத்துவந்து சாதாரண நாற்றுகளின் வேர்த்தண்டில் ஒட்டுக் கட்டுவார்கள். ஒரு பிளஸ் மரத்திலிருந்து வந்த ஒட்டுக்கன்றுகள் எல்லாம் ஒரே குளோன். ஒரே குளோனின் பிரதிகள் பக்கத்துப் பக்கத்தில் வராதபடி கலைத்து நடுவார்கள். பிறகு அவை தங்களுக்குள் மகரந்தம் பரிமாறி நல்ல விதை தரட்டும் என்று காத்திருப்பார்கள்.

தேக்கில் ஒரு விசித்திரம் உண்டு. அதன் பூங்கொத்து தண்டின் உச்சியில்தான் வரும். மரம் முதல்முறை பூக்கும்போது நடுத்தண்டின் நுனியே பூவாகிவிடுவதால் அந்தத் தண்டு அதற்குமேல் நேராகப் போகாது, பக்கக் கிளைகள் பிரிந்து கவட்டை விழுந்துவிடும். சீக்கிரம் பூத்த மரத்துக்குக் கட்டை நீளம் குறைவு, தாமதமாகப் பூத்ததற்கு நீளம் அதிகம். தச்சருக்கு வேண்டியது பூக்கத் தெரியாத தேக்கு, விதைத்தோட்டக்காரருக்கு வேண்டியது நிறையப் பூக்கும் தேக்கு. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விழிப்பதுதான் தேக்கு மரபியலாளரின் பிழைப்பு.

அந்தத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர் ஒரு களப்பணியாளர், என்னைவிட முப்பது வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் என்னை ஏம்மா என்பார். சட்டைப் பையில் எப்போதும் கைக்குள் அடங்கும் ஒரு நோட்டும், இரண்டு பக்கமும் சீவிய பென்சிலும் இருக்கும். பேனாவைத் தொடவே மாட்டார். "மையி வெயில்ல வெளுத்துரும், மழையில கரைஞ்சுரும். கரி எங்கேயும் போகாது." வேதியியல்படி அது நூற்றுக்கு நூறு சரி. பென்சில் கோடு என்பது காகித நாரில் ஒட்டிய கிராஃபைட் துகள், அது வெளுப்பதற்கு அதில் சாயமே இல்லை. நான் நீர்புகா மை என்று எழுதியிருந்த, கொஞ்சம் விலையான பேனா ஒன்றை வாங்கிப்போய் அவரிடம் காட்டினேன். அடுத்த மழைக்காலத்தில் என் சீட்டுகளில் பாதி ஊதா மேகமாக இருந்தது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பென்சிலை ஒடித்துப் பாதியை என்னிடம் கொடுத்தார்.

களத்தில் இலை பறித்து, சிலிக்கா ஜெல் போட்ட பையில் உலர்த்தி, ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் டிஎன்ஏ எடுக்க வேண்டும். தேக்கின் இளந்தளிரைக் கையில் கசக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், விரலெல்லாம் சிவப்பாகிவிடும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு, எங்களுக்கு அது தலைவலி. அந்தச் சாயமும் பீனால்களும் டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். 1987இல் டாயில் தம்பதியர் எளிமையாக்கிக் கொடுத்த, டிஎன்ஏ பிரித்தெடுக்கும் சி-டேப் முறையைத்தான் இன்றும் பலர் பயன்படுத்துகிறார்கள். இலைப்பொடியை 65 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் சோப்புக் கரைசலோடு ஊறவைத்து, குளோரோஃபார்ம் விட்டுக் குலுக்கி, ஐசோபுரோபனால் சேர்த்தால், நல்ல நாளில் வெள்ளை நூலாக டிஎன்ஏ மிதந்து வரும். எனக்கு முதல் நான்கு மாதம் வந்தது பழுப்பு நிறத்தில் ஒரு பசை. பீனால் ஆக்சிஜனேற்றம் ஆகாமல் தடுக்க மெர்காப்டோ எத்தனால் ஊற்றுவோம். அழுகின முட்டை வாடை. பேருந்தில் என் பக்கத்து இருக்கை பெரும்பாலும் காலியாகவே இருந்தது.

ஐந்தாவது மாதம் நூல் வந்தது. குளோன்களுக்குக் கைரேகை எடுக்க ஆரம்பித்தோம். மைக்ரோசாட்டிலைட் என்பவை டிஎன்ஏவில் இரண்டு மூன்று எழுத்துகள் திக்குவாய்போலத் திரும்பத் திரும்ப வரும் இடங்கள். எத்தனை முறை திக்குகிறது என்பது ஆளுக்கு ஆள், மரத்துக்கு மரம் மாறும். ஒரே குளோனின் பிரதிகள் என்றால் எல்லா இடத்திலும் அச்சாக ஒன்றுபோல இருக்க வேண்டும். அப்படித்தான் இருந்தன, நான்காவது வரிசை பதினேழாவது மரம் வரும்வரை. அதன் தகட்டில் ஒரு குளோன் எண். அதே எண் தாங்கிய மற்ற மரங்கள் எல்லாம் ஒரு மாதிரி, இது மட்டும் வேறு மாதிரி. ஓரிடத்தில் இரண்டிடத்தில் இல்லை, பார்த்த எல்லா இடத்திலும்.

என் தவறுதான் என்று நினைத்தேன். புதுக் கைக்காரி, நாலு மாதம் பசை எடுத்தவள், வேறென்ன நினைக்கத் தோன்றும்? யாரிடமும் சொல்லாமல் மறுபடி இலை பறித்துவந்து பார்த்தேன். அதே விடை. மூன்றாவது முறை பறிக்கப் போனபோது அண்ணன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்று பார்த்தார்.

"என்னம்மா, இதே மரத்தை மொட்டையடிக்கிறதுன்னு முடிவா?"

சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் கொட்டகைக்குள் போய் ஒரு தகரப் பெட்டியோடு வந்தார். உள்ளே பழைய நோட்டுகள், வருடவாரியாக. ஒன்றை எடுத்து எச்சில் தொட்டுப் புரட்டினார். பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய ஒரு பக்கத்தில் பென்சிலில் இரண்டு வரி: 4-17 தளிர் வந்துவிட்டது, கூடப்பிறந்தது ஒன்றும் இன்னும் விடவில்லை. அடுத்த வருட நோட்டிலும் அதே. அதற்கடுத்ததிலும். ஒவ்வொரு வருடமும் தன் சகோதரங்களைவிடப் பத்துப் பதினைந்து நாள் முந்தித் தளிர்த்திருக்கிறது. "எனக்கு அப்பவே சந்தேகம்மா. ஒட்டு செத்துப்போயி, அடிக்கட்டை தளிர்த்து மேல வந்துட்டுது. யாருகிட்ட சொல்றது? தகட்டுல நம்பர் இருக்குல்ல."

நடந்தது அதுதான். ஒட்டிய மொட்டு பட்டுப்போனாலும் வேர்த்தண்டு பிழைத்துத் தன் கிளையை விடும். யாரும் கவனிக்காவிட்டால் அதுவே மரமாகி, செத்த ஒட்டின் பெயரைச் சுமந்துகொண்டு நிற்கும். உலகம் முழுக்க விதைத்தோட்டங்களில் டிஎன்ஏ கைரேகை எடுக்கத் தொடங்கிய பிறகு இப்படிப் பெயர் மாறி நிற்பவை நிறையப் பிடிபட்டன. நான் நான்கு மாதம் பசையும் ஒரு வருடம் சம்பளமும் செலவழித்துக் கண்டுபிடித்ததை, அவர் பத்துப் பைசா பென்சிலால் பன்னிரண்டு வருடம் முன்பே எழுதிவைத்திருந்தார். என் முதல் அறிக்கையில் அந்தத் தளிர்ப்புத் தேதிகளை ஒரு அட்டவணையாகப் போட்டேன். நன்றி என்று கடைசியில் ஒரு வரி சேர்ப்பதற்குப் பதில் ஆசிரியர் வரிசையிலேயே அவர் பெயரைச் சேர்க்கக் கேட்டிருக்க வேண்டும். அப்போது கேட்கத் தைரியம் இல்லை. இப்போது நினைத்தாலும் உறுத்துகிறது.

முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது: விதைக்கு அப்பா யார்? அம்மா யாரென்று தெரியும், அவள் மரத்திலிருந்துதான் பறித்தோம். விதையின் கைரேகையில் அம்மாவின் பங்கைக் கழித்தால் மிச்சம் அப்பாவின் பங்கு. தோட்டத்தில் இருக்கும் குளோன்களில் யாரோடு அது பொருந்துகிறது என்று தேட வேண்டும். யாரோடும் பொருந்தாவிட்டால் வேலிக்கு வெளியே இருந்து யாரோ. பைன் மாதிரிக் காற்றில் மகரந்தம் பறக்கும் மரங்களில் இது பெரிய தொல்லை. சில ஸ்காட்ஸ் பைன் விதைத்தோட்டங்களில் பாதி விதைவரைகூட வெளி அப்பாக்களுக்குப் பிறந்ததாகக் கண்டிருக்கிறார்கள். அத்தனை வருடம் தேர்ந்தெடுத்து, ஒட்டுக் கட்டி, வேலி போட்டு! தேக்குக்கு மகரந்தம் கடத்துவது சின்னத் தேனீக்களும் ஈக்களும், அதனால் தூரம் குறைவு. ஆனால் பங்கீடு மகா அநியாயம். எங்கள் தோட்டத்தில் நாலைந்து குளோன்கள்தான் பெரும்பாலான விதைக்குத் தகப்பன்மார். பூக்கும் காலம் ஒத்துப்போகாத மற்றவை பெயருக்கு நின்றுகொண்டிருந்தன. 4-17க்கும் கணிசமான பிள்ளைகள். அடையாளம் தெரியாத ஒரு வேர்க்கட்டையின் வாரிசுகள் நல்ல விதை என்ற முத்திரையோடு நாற்றங்கால்களுக்குப் போயிருக்கின்றன.

இந்த ஆய்வில்தான் என் பெயர் கெட இருந்தது. டிஎன்ஏ மாதிரிகளை 96 குழித் தட்டுகளில் வைப்போம், எட்டு வரிசை, பன்னிரண்டு பத்தி. ஒரு தட்டில் இருந்த விதைகளுக்கு அப்பா கிடைக்காததோடு அம்மாவும் பொருந்தவில்லை. அம்மா பொருந்தாமல் விதை எப்படி வரும்? ஆனால் ஆர்வக்கோளாறு என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு ஒரு விளக்கம் தயாரித்தேன். சில மரபணு வடிவங்கள், டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆரில் தென்படாமல் ஒளிந்துகொள்ளும், அதுதான் காரணம் என்று நான்கு படங்களோடு ஒரு கூட்டத்தில் பேசவும் செய்தேன். கைதட்டினார்கள். திரும்பி வந்து இரண்டு வாரம் கழித்து, ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் அந்தத் தட்டின் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இப்படிப் பார்த்தா எல்லாம் சரியா வருதே" என்றாள்.

தட்டை 180 டிகிரி திருப்பி வைத்திருக்கிறேன். ஏ1 இருக்க வேண்டிய இடத்தில் எச்12. கண்டுபிடிக்க உதவட்டும் என்றுதான் தட்டில் சில குழிகளை வெறும் தண்ணீரோடு விடுவோம். நான் புத்திசாலித்தனமாக ஏ1, எச்12 என்று இரண்டு மூலையிலும் விட்டிருந்தேன், எப்படித் திருப்பினாலும் ஒன்றுபோலவே தெரியும்படி. அன்றிரவு தூக்கமே இல்லை. காலையில் வழிகாட்டியிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. "யார் யாருக்கெல்லாம் எழுதணுமோ எழுதிடு" என்று மட்டும் சொன்னார். எழுதினேன். ஒவ்வொரு கடிதமும் கசப்பு மருந்து. அதற்குப்பின் தண்ணீர்க் குழியை ஒவ்வொரு தட்டிலும் கோணலான வேறு வேறு இடத்தில் வைக்கிறேன். என் மாணவர்களுக்குக் காரணம் தெரியும், சேர்ந்த முதல் நாளே கதையைச் சொல்லிவிடுவேன்.

இதில் எனக்கு ஆறுதல் தந்தது, சொல்லக்கூடாதுதான், பிறர் துன்பம். அமெரிக்காவின் செஸ்ட்நட் மரத்தின் கதை தெரிந்திருக்கும். 1904இல் நியூயார்க் விலங்குக்காட்சிச் சாலையில் முதலில் கவனித்த ஒரு பூஞ்சை நோய், அரை நூற்றாண்டுக்குள் முந்நூறு நானூறு கோடி மரங்களைக் கொன்றுவிட்டது. பூஞ்சை கக்கும் ஆக்சாலிக் அமிலத்தைச் சிதைக்கும் கோதுமை மரபணு ஒன்றைச் செஸ்ட்நட்டில் புகுத்தினார்கள். டார்லிங் 58 என்று பெயரிட்டு, ஆண்டுக்கணக்காகச் சோதித்து, அரசு அனுமதிக்கு விண்ணப்பித்தும் ஆயிற்று. 2023இல் தெரியவந்தது, அவர்கள் சோதித்துவந்தவை டார்லிங் 58 அல்ல, டார்லிங் 54. எப்போதோ மாதிரி மாறியிருக்கிறது. 54இல் அந்தக் கோதுமை மரபணு மரத்தின் இன்னொரு மரபணுவுக்கு நடுவில் போய் உட்கார்ந்திருந்தது. துணைநின்ற அறக்கட்டளை அந்த ஆண்டு டிசம்பரில் ஆதரவை விலக்கிக்கொண்டது. உலகமே பார்த்துக்கொண்டிருந்த ஆய்வில் நடக்கிறதென்றால் என் தட்டு எம்மாத்திரம்? படித்துவிட்டு நிம்மதியாக இருந்தது. அப்புறம் நிம்மதியாக இருந்ததை நினைத்து வெட்கமாக இருந்தது. அவர்களுக்கு எழுத வேண்டிய கடிதங்கள் எத்தனை இருந்திருக்கும்!

பட்டத்துக்குப் பிறகு இரண்டு வருடம் வட ஐரோப்பாவில், ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரங்களோடு. தேக்கின் மரபணுத்தொகை வரைவு 2018இல் வந்தது, ஏறக்குறைய 31 கோடி எழுத்து. மனிதருக்கு 300 கோடி. 2013இல் வெளியான நார்வே ஸ்ப்ரூஸுக்கு 2000 கோடி! நம்மைவிட ஆறேழு மடங்கு நீளம், ஆனால் மரபணுக்களின் எண்ணிக்கை என்னவோ ஒரு சாதாரணக் களைச்செடி அளவுதான். மிச்சமெல்லாம் தன்னைத்தானே நகலெடுத்துப் பெருக்கிக்கொண்ட துண்டுகள், கோடிக்கணக்கான வருடமாக யாரும் பெருக்கித் தள்ளாத வீடு.

ஊசியிலை மரங்கள் மரபியலாளருக்கு ஒரு சலுகை தருகின்றன. விதைக்குள் கருவைச் சுற்றியிருக்கும் சேமிப்புத் திசு முழுக்கத் தாயின் பங்கு மட்டும், அதுவும் ஒற்றைத் தொகுதி. விதையைப் பிளந்து அதைத் தனியே எடுத்தால் அம்மா என்ன கொடுத்தாள் என்று கழித்தல் கணக்கே இல்லாமல் தெரிந்துவிடும். இன்னொரு வேடிக்கை: பைன் குடும்பத்தில் பசுங்கணிகம் அப்பா வழி வருகிறது, மைட்டோகாண்ட்ரியா அம்மா வழி. கலிஃபோர்னியாவின் கடற்கரை ரெட்வுட்டில் இரண்டுமே அப்பா வழி. நம் பாடப்புத்தகத்தில் மைட்டோகாண்ட்ரியா தாய்வழி என்று கோடிட்டுப் படித்தோமே, அந்தக் கோடு ரெட்வுட்டுக்குத் தெரியாது.

அங்கே குளிர்காலத்தில் மூன்று மணிக்கே இருட்டிவிடும். பேச ஆளில்லாத நீண்ட மாலைகள். அப்போதுதான் கரண்டி செதுக்கக் கற்றுக்கொண்டேன். பக்கத்து அறைக்காரர் வெட்டிப்போட்ட பிர்ச் கிளை ஒன்று, ஒரு சின்னக் கோடரி, ஒரு நேர்க்கத்தி, குழிவுக்கு ஒரு வளைந்த கத்தி. ஈரமரம்தான் செதுக்கச் சுகம், கத்தி வெண்ணெயில் போவதுபோலப் போகும். காய்ந்துவிட்டால் அதே மரம் முறைக்க ஆரம்பித்துவிடும். என் முதல் கரண்டி குழியில் ஓட்டையோடு முடிந்தது. இரண்டாவது, மூன்றாவது காயும்போது வெடித்தன. நடுத்தண்டின் மையத்தை உள்ளே விட்டுவைத்தால் வெடிக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. இத்தனை வருடம் மரத்தைப் படித்துவிட்டு, நாரோட்டம் என்றால் என்ன என்பது கட்டைவிரலை வெட்டிக்கொண்ட பிறகுதான் புரிந்தது. முறுக்கு நார் என்று அட்டவணையில் ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண் போட்டிருக்கிறேன். கத்தி பிடித்த பிறகு அந்த மதிப்பெண்ணைப் போடும் என் கையே மாறிவிட்டது.

இன்னொரு பைத்தியம் பென்சில். அண்ணன் ஒடித்துக் கொடுத்த அந்தப் பாதியில் ஆரம்பித்தது. இப்போது ஒரு அலமாரித் தட்டு நிறைய இருக்கிறது. பென்சிலைச் சீவும்போது வரும் வாசனை பல பழைய பென்சில்களில் கிழக்கத்திச் செஞ்சீடாருடையது. பெயர்தான் சீடார், உண்மையில் அது ஜூனிபர் இனம். அந்த மரம் தட்டுப்பாடானபோது பென்சில்காரர்கள் பண்ணைகளின் பழைய வேலிக்கட்டைகளைக்கூட விலைக்கு வாங்கினார்கள். பிறகு கலிஃபோர்னியா, ஓரிகன் பக்கத்து இன்சென்ஸ் சீடாருக்கு மாறினார்கள். நார் நேராக ஓடும், சீவினால் சிம்பு கிளம்பாது. மலிவான பென்சில்களில் பாஸ்வுட், வாசனையே இருக்காது. கண்ணை மூடிக்கொண்டு மூன்றையும் முகர்ந்து சொல்வேன். வீட்டுக்கு வருபவர்களிடம் இதைச் செய்துகாட்ட வேண்டாம் என்று வீட்டில் தடை.

செடி வளர்ப்பீர்களா என்று எல்லாரும் கேட்பார்கள். இல்லை. என் பால்கனியில் தொட்டியில் வைத்த எதுவும் ஒரு கோடையைத் தாண்டியதில்லை.

திரும்பி வந்து சேர்ந்த வேலையில்தான் இன்றும் இருக்கிறேன். ஒரு நாளின் பெரும்பகுதி கணினி முன்னால்தான், கடிதங்களும் கணக்கும். மரமேம்பாட்டில் பெரிய எதிரி காலம். நட்டு, வளர்ந்து, பூத்து, அடுத்த தலைமுறைக்குக் காத்திருந்தால் ஊசியிலை மரங்களில் ஒரு சுற்றுக்கு இருபது முப்பது வருடம், என் பணிக்காலத்துக்கு ஒரு சுற்றே அதிகம். 2001இல் மியூவிசன், ஹேய்ஸ், காடார்ட் மூவரும் கால்நடைகளுக்காக முன்வைத்த யோசனை ஒன்று இப்போது எங்களிடமும் வந்திருக்கிறது. மரத்துக்கு மரம் மாறும் டிஎன்ஏ இடங்களை, அதாவது மரபுக்குறிகளை, ஆயிரக்கணக்கில் மொத்தமாகப் பார்த்து, நாற்றுப் பருவத்திலேயே இது எப்படி வளரும் என்று கணித்துவிடலாம். கணிக்கலாம்தான். ஆனால் அந்தக் கணிப்பைப் பழக்க உங்களிடம் ஏற்கெனவே வளர்ந்த, ஒழுங்காக அளந்த, பெயர் சரியாக இருக்கிற மரங்கள் சில ஆயிரமாவது வேண்டும். புது மென்பொருள் வாங்கப் பணம் உடனே கிடைக்கிறது. பழைய திடலில் முள்வேலி சரிசெய்யப் பணம் கேட்டால் இதிலென்ன புதுமை என்று கேட்கிறார்கள். இப்படி ஒரு திடலை, பதினோரு வருட அளவீடுகள் இருந்ததை, ஒரே கோடைத் தீயில் இழந்தேன். அதைப்பற்றி இதற்குமேல் எழுத வரவில்லை.

இந்த வேலை எங்கெல்லாம் கொண்டுபோகும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒரு நீதிமன்றக் கதை. 2018இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒலிம்பிக் தேசியக் காட்டில் சிலர் பெரிய இலை மேப்பிள் மரத்தைத் திருட்டுத்தனமாக வெட்டப் போனார்கள். கிட்டார் செய்கிறவர்கள் நல்ல விலை கொடுக்கும் மரம். அந்த மரத்தில் ஒரு தேனீ அல்லது குளவிக் கூடு. அதை அழிக்கப் பெட்ரோல் ஊற்றிப் பற்றவைக்க, காடு 3,300 ஏக்கர் எரிந்தது. விற்ற பலகைகளின் டிஎன்ஏவும் காட்டில் நின்ற அடிக்கட்டைகளின் டிஎன்ஏவும் ஒன்றுதான் என்று ஒரு வனமரபியலாளர் 2021இல் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். தீ வைத்த குற்றச்சாட்டில் ஜூரிகள் ஒருமனதாக முடிவுக்கு வரவில்லை. திருட்டுக் குற்றம் நிரூபணமானது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? அடிக்கட்டையிலிருந்து மாதிரி எடுத்தவர் சீட்டில் என்னவெல்லாம் எழுதியிருப்பார்!

போன மாதம் அந்தப் பழைய விதைத்தோட்டத்துக்குப் போயிருந்தேன். அண்ணன் ஓய்வுபெற்று வருடங்கள் ஆகின்றன. தகரப் பெட்டியை என்னிடம்தான் விட்டுவிட்டுப் போனார், எலி கடிக்காமல் பார்த்துக்கொள் என்ற ஒற்றை நிபந்தனையோடு. கூட வந்த மாணவி எல்லா மரத்துக்கும் கியூஆர் குறியீட்டுத் தகடு மாட்ட வேண்டும் என்று உற்சாகமாக வந்தாள், நானும் தடுக்கவில்லை. நான்காவது வரிசைக்கு வந்தோம். பருமன் கூடக் கூட மரப்பட்டை ஆணியையும் தகட்டையும் விழுங்கிவிடும். பதினேழாவது மரத்தில் தகட்டின் ஒரு விளிம்பு மட்டும் வெளியே தெரிந்தது. அதில் ஒரே ஒரு எண், ஒன்றாகவும் இருக்கலாம், ஏழாகவும் இருக்கலாம்.

"உளி இருக்கு மேடம், கொஞ்சம் பட்டையை எடுத்துப் பார்க்கவா?" என்றாள்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பையிலிருந்து நோட்டை எடுத்தேன். தோட்டத்தில் வேறெந்த மரமும் அன்று தளிர்த்திருக்கவில்லை. இது மட்டும் நுனியெல்லாம் சிவந்திருந்தது. தேதியை எழுதிக்கொள்ளச் சொன்னேன். அவள் பேனாவை எடுத்தாள். என் பென்சிலை ஒடித்துப் பாதியைக் கொடுத்தேன்.